மச்சம் இடம் மாறிய ஜாடி

என் சிட்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, மனசுதான் சில நாளாக நிலைகொள்ளாமல் கிடந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், கடிதத்துக்குச் சரிம்மா சொல்ல முடியாது பார். அதனால் முழுக்கப் படி, படித்து முடிக்கும் வரை யாருக்கும் போன் செய்யாதே, முக்கியமாக உன் பெரிய அத்தைக்குச் செய்யாதே.

நம் தெருத் தையல்காரம்மா புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாள், வெறும் கையோடு போய்ப் பார்க்க முடியுமா என்று அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் முன்பு சைக்கிள் பழுது பார்ப்பார்களே, அந்த இடத்தில் வெள்ளை அடித்து ஒரு புதுக் கடை வந்திருக்கிறது, வீட்டில் வைக்கிற கைவேலைச் சாமான்கள் மட்டும்தான் விற்கிறார்கள். வாசலில் துண்டுத் துணிகளைக் கோத்த திரை, உள்ளே கம்பியை வளைத்துச் செய்த விளக்கு, அதை ஏற்றினால் சுவரெல்லாம் இலை இலையாக நிழல் விழுகிறது, பழைய சட்டைகளைக் கிழித்துப் பின்னிய மிதியடி, பிடித்த விரலின் தடம் அப்படியே பதிந்திருக்கிற மண் கிண்ணங்கள். உபயோகமில்லாத ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குள் விடாதவள் நான், உனக்குத் தெரியும், ஆனால் ஒரு கிண்ணத்தை எடுத்து அந்தத் தடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன், யாரோ என் கையைப் பிடித்த மாதிரி இருந்தது, கீழே வைக்கவே மனசு வரவில்லை. அத்தை அதே கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, "கோணலா இருக்கே, கோணலுக்குத் தனியா காசா?" என்று கேட்டாள். கடைக்காரப் பெண் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "கையால செஞ்சதும்மா, கோணல் இல்லன்னாதான் சந்தேகப்படணும்" என்றாள். "அப்படின்னா எங்க வீட்டுக்காரர் முழுக்க முழுக்கக் கையால செஞ்சவர்தான்" என்று அத்தை சொல்ல, அந்தப் பெண் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடையின் கடைசித் தட்டில்தான் அவை வரிசையாக இருந்தன. முதலில் ஒரு கெட்டில், ஒரு கையை இடுப்பில் ஊன்றியது பிடி, ஆவென்று திறந்த வாய்தான் மூக்கு. அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "யாரு பெத்த வாயாடியோ, ஊரையே கூப்பிடுறா பாரேன்!" என்று சொல்லி, தையல்காரம்மாவை மறந்துவிட்டுத் தனக்கே வாங்கிக்கொண்டாள். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. அதற்குப் பக்கத்தில் ஓர் உண்டியல், கொண்டையில் காசு போடுகிற ஓட்டை, கைகூப்பிக்கொண்டு உதட்டில் பிரார்த்தனை, ஒரு கண் மூடியிருக்கிறது, இன்னொரு கண் திறந்து ஓரமாக எதையோ பார்க்கிறது. எதைப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியாதா, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறது! காலையில் நான் பிரார்த்தனை செய்கிற அழகை நீ இப்படியா கவனித்து வைத்திருந்தாய்? கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் ஒரு குட்டிக் குருவி, இரண்டு காலும் ஒரே பக்கம், அடுப்படிச் சுவரில் நீ கரியால் வரைந்து என்னிடம் அடி வாங்கிய அதே குருவி. கோபம் வரவில்லையடி, சிரிப்புத்தான் வந்தது. கடவுளே என் பிள்ளையின் கைவேலை நான் நடக்கிற தெருவுக்கே வந்துவிட்டதே என்று அந்த உண்டியலை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அப்புறம் அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு ஜாடி. நடுவகிடு எடுத்து அழுத்தி வாரிய தலைமுடி அதன் மூடி, காதில் செருகிய சீப்பு, நறுக்கிவிட்ட மீசை, அதற்குக் கீழே இறுக்கி மூடிய உதடு, கன்னத்தில் மிளகு மாதிரி ஒரு மச்சம். கீழே ஓர் அட்டை. உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான், இன்றைக்கும் புது எழுத்து என்றால் மெதுவாகத்தான் வரும், மெதுவாகவே படித்தேன். "பேசாத ஜாடி" என்று எழுதியிருந்தது. அத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இது நம்ம தம்பி மாதிரியே இல்ல?" என்றாள். எல்லோரையும் அடையாளம் தெரிகிறது அவளுக்கு, கையில் பிடித்திருக்கிற கெட்டிலை மட்டும் தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் கை கொடுத்தது அந்த மச்சம்தான். உன் அப்பாவுக்கு மச்சம் இடது கன்னத்தில், ஜாடிக்கு வலது கன்னத்தில். "அவருக்கு மச்சம் அந்தப் பக்கம் அண்ணி, இது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு அவளை நகர்த்திக்கொண்டு வந்தேன். ஆனால் கல்லாவில் கடைக்காரப் பெண், இதையெல்லாம் செய்தவரே அடுத்த மாதம் கடைக்கு வரப்போகிறார் என்றும், தங்குவதற்கு லாட்ஜில் ரூம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் சாதாரணமாகச் சொன்னாள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. கூப்பிடு தூரத்தில் வீடு இருக்க லாட்ஜா சிட்டு? உன் கட்டில் விரிப்பை வாரா வாரம் துவைத்து மாற்றுகிறேனே, அது யாருக்கு?

ஏன் என்று எனக்குத் தெரியும். கணக்கு வேலையை விட்டுவிட்டு மண் வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு அவர், "படிக்க வெச்சது மண்ணு பிசையவா?" என்று கேட்டார், நீ பதிலுக்கு, "முடி வெட்டுறதவிட மண்ணு பிசையறது என்ன மட்டம்?" என்று கேட்டாய். இரண்டும் கேட்டிருக்கக் கூடாத கேள்விகள்தான். அன்றிலிருந்து உன் போன் வந்தால் அவர் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின கையையே கழுவுகிறார். இந்த நிலைமையில், பெற்ற மகளே தன் முகத்தைச் செய்து, பேசாதவன் என்று பெயரும் எழுதி, தன்னிடம் முடிவெட்ட வருகிறவர்கள் நடக்கிற தெருவிலேயே விற்பனைக்கு வைத்திருக்கிறாள் என்று அவர் பார்த்தால்? அதற்குப் பிறகு நீ லாட்ஜுக்கு வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஜாடியைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதீர்கள் என்று வழியெல்லாம் அத்தையிடம் கெஞ்சிக்கொண்டு வந்தேன், "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்று அந்தக் கெட்டில் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் பிரார்த்தனையை இரண்டு கண்ணையும் மூடிச் செய்துவிட்டு, பால் பொங்கி வழிந்தது அது வேறு, நேரே கடைக்கு ஓடினேன், ஜாடியை வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவிட வேண்டும் என்று. தட்டில் உண்டியல் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு காலி இடம். அட்டையும் இல்லை. கடைக்காரப் பெண் சரக்கு எடுக்க வெளியே போயிருந்தாளாம், கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தங்கச்சி, யாரோ வந்தார், வாங்கினார், போனார் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாமல் விழித்தாள். உண்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் அந்தக் கெட்டிலில்தான் டீ போட்டுக்கொண்டிருந்தாள், நீங்கள்தான் வாங்கினீர்களா என்றால் இல்லை என்கிறாள், அவரிடம் சொன்னீர்களா என்றால், "ஜாடின்னு ஒரு வார்த்தை சொன்னேனா? புதுக் கடைல உன் மூஞ்சிய விக்கிறாங்கன்னுதான் சொன்னேன்" என்கிறாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "டீ ஊத்தவா?" என்று வேறு கேட்கிறாள்.

அன்று அவர் வீட்டுக்கு வந்தார், கால் கழுவினார், சாப்பிட்டார். ஒரு வார்த்தை இல்லை. குப்பைக்கூடையைக் கிளறிப் பார்த்தேன், மண்சில்லு ஏதாவது இருக்குமோ என்று, கொல்லையிலும் போய்ப் பார்த்தேன். "என்ன தேடுறே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததை ரொம்ப நேரமா தேடுறியே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் வாங்கி வந்த உண்டியலைத் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன், அதை வீட்டுக் கணக்கு நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்றும் தெரியவில்லை, பாத்திரமா, பொம்மையா, நானா? எழுதாமலே நோட்டை மூடிவைத்தேன். கடவுளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதை அவர் உடைத்திருந்தாலும் பரவாயில்லை, உடைத்தேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி ஒரு சண்டை போட்டுவிட வேண்டும். அவர் பேசாமலே இருந்துவிட்டால்தான் எனக்குப் பயம்.

அடுத்த நாள் சாப்பாட்டு டப்பாவை மேஜை மேலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார், மறக்கிற ஆளா அவர்? எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனேன், கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் படி ஏறியது அபூர்வம், ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடம். நாற்காலியில் உன் பழைய கணக்கு வாத்தியார், முகத்தில் பாதிக்கு நுரை. அப்பா எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே பவுடர், கிண்ணம், கத்தி தீட்டுகிற தோல்வார் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஜாடி, அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியைப் பார்த்தபடி. மூடியை எடுத்துவிட்டுத் தலைக்குள் சீப்புகளைப் போட்டு வைத்திருந்தார். கண்ணாடிக்குள் அதன் முகம் தெரிந்தது, மச்சம் இடது கன்னத்தில், இருக்க வேண்டிய இடத்தில். பக்கத்திலேயே அதே கண்ணாடிக்குள் அவர் முகம், அதில் மச்சம் வலது பக்கம். கண்ணாடிக்குள் ஜாடி அவராகவும் அவர் ஜாடியாகவும் நிற்கிறார்கள். எனக்கு டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வாத்தியார், "எங்க வாங்கினீங்க? அப்படியே நீங்கதான்" என்றார். "என் பொண்ணு செஞ்சது" என்றார் அப்பா, வாத்தியாரின் தாடையை நிமிர்த்திவிட்டு ரேசரை வைத்தார். நான் என்ன பேசுவது என்று தெரியாமல், "மச்சம்தான் இடம் மாறிப்போச்சு" என்றேன். அவர் என்னைக் கண்ணாடி வழியாகவே பார்த்து, "மாறல. சின்ன வயசுல முடி வெட்ட, கைப்பிடி மேல பலகை போட்டு அவளை இதே நாற்காலிலதான் உட்கார வெப்பேன், நான் பின்னாடி நிப்பேன். அவ என்னைப் பார்த்ததெல்லாம் இதுக்குள்ளதான். எனக்கே என் மூஞ்சி இப்படித்தான் தெரியும்" என்றார். எனக்கு இத்தனை வருஷம் இது தோன்றவில்லை பார், நீயும் அவரும் ஒரே கண்ணாடியில் ஒரே முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள், நான்தான் எதிரில் நின்று பார்த்தவள். ஏன் அதைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பேசாத மூஞ்சி பார்க்க எப்படி இருக்குன்னு அதுக்கும் தெரியட்டும்" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, வந்த உடனே போய்விட்டது, ஏனென்றால் அடுத்து அவர், "லாட்ஜுல ரூமாமே" என்றார். கடைக்காரப் பெண்ணின் தங்கச்சி அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "ரூமு! அப்பன் வீட்டுல சுவர் இல்லையா, கூரை இல்லையா, ரூமு!" என்று ரேசரைக் காற்றில் ஆட்டினார். வாத்தியார் பாதி நுரையோடு மூச்சை அடக்கிக்கொண்டு, "அண்ணே, என்னை முடிச்சிட்டுக் கோபப்படுங்கண்ணே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் ரேசரைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், அந்தப் பக்கத்து நுரை காயும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிட்டு, அவருக்குக் கோபம் போய்விட்டது என்று நான் உனக்குப் பொய் எழுத மாட்டேன். நீ கேட்ட கேள்வியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ போன் செய்தால் இன்னும் கொல்லைப்பக்கம் போகலாம், அந்தக் குழாய் வேறு ஒழுகுகிறது, மாற்ற ஆள் வருகிறேன் வருகிறேன் என்று வராமல் இருக்கிறான். ஆனால் நான் படி இறங்கும்போது அவர் பின்னாலேயே வாசல் வரை வந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு, உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "வர்றப்போ முடி வளர்ந்திருக்கும். அங்க எவன்கிட்டயும் தலையக் குடுத்துட்டு வர வேண்டாம்னு எழுது." அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். பலகை இன்னும் கடையில் மூலையில் சாத்தித்தான் இருக்கிறது, நான் பார்த்தேன், துடைத்து வைத்திருக்கிறார், இனி உனக்கு எதற்கு அது.

மண்ணில் வேலை செய்கிற கை வெடிக்கும், படுக்கும் முன் எண்ணெய் தடவிக்கொள். அத்தையிடம் கெட்டிலைப் பற்றி உயிர் போனாலும் சொல்லாதே, டீ ஊற்றும்போதெல்லாம் வாய் வழிகிறது என்று குறை சொல்லிக்கொண்டே சந்தோஷமாக இருக்கிறாள். உண்டியலைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டேன், திறந்த கண் தெருவைப் பார்க்கிற மாதிரி. கடவுள் உன் கையையும் கண்ணையும் குறையில்லாமல் வைக்கட்டும், தொட்டது துலங்கட்டும், வழித்துணையாக அவரே வரட்டும். லாட்ஜில் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. முடியை வெட்டிக்கொள்ளாதே.

ஒரு கண்ணை மூடி உனக்காக வேண்டிக்கொண்டு, ஒரு கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா