கிணற்றில் இறங்காத சீசா

அனுப்புநர்:
சௌ. ரங்கநாயகி சம்பத்,
பின்கட்டுக் குடித்தனம், உத்திர வீதிச் சந்து,
ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
உயர்திரு மேலதிகாரி அவர்கள்,
தண்ணீர்ப் பரிசோதனைச் சாலை,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று தங்களிடம் வந்தது கிணற்றுத் தண்ணீர் அன்று, மறுபடி எடுத்துச் சோதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஐந்து குடித்தனங்கள் உள்ள இவ்வீட்டுக்குக் கொல்லையில் ஒரே கிணறு. ஆடியில் காவிரி கரைபுரண்டபோது கக்கூஸ் குழி நிரம்பி, கிணற்றடி வரை வழிந்து தேங்கியது. அந்த வாரமே என் மூத்த மகள் கோதை வாந்திபேதியில் போய்விட்டாள். வயது ஏழு. கிணற்றை மூடினார்கள்.

2. சென்ற மாதம் தங்கள் ஊழியர் தண்ணீர் எடுக்க வந்தார். நீராவியில் சுத்தம் செய்து, வாயில் காகிதம் கட்டிய சீசா கொண்டுவந்தார். அதைக் கழுவக் கூடாது, வாய்ப்பக்கம் விரல் படக் கூடாது, கயிற்றில் கட்டி நேராகக் கிணற்றில் இறக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆனால் கொல்லைக்குப் போக வீட்டுக்கார வேதவல்லி அம்மாளின் அடுக்களையைத் தாண்ட வேண்டும். மடி ஆசாரம் உள்ள இடம். அந்நியர் போவது வழக்கமில்லை. ஊழியரை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு, அந்த அம்மாள் சீசாவை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

3. பலர் தொட்ட சீசா என்று அதை வெந்நீர் விட்டு அலம்பினார். பிறகு, தம் பேரனுக்காகத் தெருக்குழாயில் பிடித்துக் காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரை அதில் நிரப்பினார். நான் பதறிக் கேட்டதற்கு, "வாசல்ல வந்து கேக்கறவாளுக்குக் கலங்கல் ஜலத்தையாடி குடுப்பா?" என்றார். அவரிடம் வஞ்சகம் இல்லை. வந்தவருக்கு இருப்பதில் நல்லதைக் கொடுப்பதே மரியாதை என்று நினைக்கிறவர். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் சீசா ஐஸ் பெட்டிக்குள் போய், ஜட்காவும் கிளம்பிவிட்டது.

4. கிருமி இல்லை, குடிக்கலாம் என்று தங்கள் சீட்டு வந்தது. காய்ச்சிய தண்ணீரில் கிருமி எப்படி இருக்கும், ஐயா? கிணற்றைத் திறந்துவிட்டார்கள். தெருக்குழாய்க்கு நடக்க வேண்டாமென்று எல்லோரும் அதையே குடிக்கிறார்கள். சொல்லிப் பார்த்தேன். பெண்ணைப் பறிகொடுத்தவள் பிதற்றுகிறாள் என்கிறார்கள். கிணற்றுக்குப் பழி சொன்னால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று வேதவல்லி அம்மாளின் கணவர் எச்சரித்த நாள்முதல் என் கணவரும் வாய் திறப்பதில்லை. இளையவளுக்கு நான் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையைக் கட்டியா போட முடியும்? யார் வீட்டுச் சொம்பைக் கண்டாலும் வாய் வைக்கிறாள். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டாலே இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன்.

5. ஆகவே, முன்தகவல் இல்லாமல் ஆள் அனுப்பும்படி மிகவும் பணிந்து வேண்டுகிறேன். வீட்டில் யாரிடமும் தண்ணீர் கேட்க வேண்டாம். பின்சந்து வழியாகக் கொல்லைக்கு, எப்போதும் உள்ளே தாழிட்டிருக்கும் கதவு ஒன்று இருக்கிறது. அதைத் தாழிடாமல் வைக்கிறேன். வருகிறவர் தம் கையாலேயே சீசாவைக் கிணற்றில் இறக்கட்டும். பிறகு யார் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

6. குழந்தைக்கு இன்று விடியற்காலையிலிருந்து வயிற்றால் போகிறது. பல் முளைக்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். கோதைக்கும் நாவற்பழம் தின்றதால் என்றுதான் சொன்னார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறேன். போகும் வழியில் இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பிப்பேன். மற்றக் குடித்தனங்களிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஆளை அனுப்புங்கள்.

தங்கள் தயவையே நம்பியிருக்கும்,
ரங்கநாயகி

இடம்: ஸ்ரீரங்கம்
தேதி: 14-9-1957