கையெழுத்துப் போடாதவள்

காரோடு
செப்டம்பர், 1954

என் அத்தானுக்கு,

ஜெயிலில் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கிறதா? எழுத்து கோணலாக இருந்தால் பேனா நிப்பின் மேல் பழி போட்டுவிடுங்கள். பள்ளியில் இப்போது கரும்பலகையில் பிள்ளைகளையே எழுத வைக்கிறேன். காப்பி அரை டம்ளர்தான் ஊற்றிக்கொள்கிறேன். அதற்கு மேல் என்றால் சேலையில் சிந்துகிறது.

போன வாரம் உங்கள் கூட்டாளி தங்கையன், நம் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் மனுவோடு வந்தார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, கையெழுத்தைப் பிறகு போடுகிறேன் என்றேன்.

"புருஷன் ஜெயில்ல கெடக்கியாரு, டீச்சர் ஒரு ஒப்பு போட மாட்டியளா? வேல போயிருமோண்ணு பயமாக்கும்!"

ஞாயிறு ஆராதனையில் என் பெஞ்சில் ஒருத்தியும் உட்காரவில்லை.

உங்கள் காதுக்கும் வரும். நான் மறுக்கவில்லை அத்தான். அம்மாவுக்கு வந்த அதே நடுக்கம். கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொன்னது, நீங்கள் போராட்டத்துக்குப் புறப்பட்டதற்கு முந்தின நாள். சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டீர்கள்.

இந்த ஒரு பக்கம் எழுத நாலு நாள் ஆயிற்று. நாளை அந்த மனுவைக் கேட்டு வாங்கி, எல்லார் முன்னும் பெருவிரல் வைப்பேன். டீச்சருக்கும் கைநாட்டா என்று சிரிக்கட்டும்.

கீழே இருப்பது மைக்கறை இல்லை. முதலில் உங்களுக்கு வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி