தாய்க் கரும்பவளம் பற்றி நீலவாய்த்துறைக்கு விடுத்த ஓலை

திரைவளநாட்டின் தலைவி, கணவர் விண்ணேகிய பின் செங்கோல் தாங்கிய பெருந்தேவி யாழ்நங்கையார் திருவாய் மலர்ந்தபடி, நீலவாய்த்துறையின் ஊர்ச்சபையாரும் குளியாட்களும் வலைக்காரரும் அவர்தம் பிள்ளைகுட்டிகளும் கேட்க விடுக்கும் ஓலை. உங்கள் வலை நிறையட்டும். மூழ்கியவர் மூச்சு மாறாமல் மேலே வரட்டும். வாசிப்பவர் நிதானமாக வாசிக்கக் கடவர். கடைசியில் நிற்கும் காது மந்தமானவர்களுக்கும் கேட்க வேண்டும், மக்காள். உங்கள் ஊர்ப் பெண்ணின் உயிர் இதில் இருக்கிறது.

உங்கள் குளியாள் சுறவி, தாய்க் கரும்பவளத்தை வெட்டினாள் என்ற பழியோடு கட்டுண்டு அரண்மனைக்கு வந்ததை அறிவீர்கள். செங்கோல் எந்த இனப் பவளத்தால் ஆனதோ அதுவே தாய். அதை வெட்டியவரைத் தண்ணீரில்லாத மொட்டைத்திட்டில் இறக்கிவிட வேண்டும் என்பது சட்டம். பழி சுமத்தியவர், அரண்மனையில் பவளத்தை இனம் பிரித்துச் சொல்லும் பவளக்கணியர் விடங்கர்.

நாறும் பொருள் அரியணைக்கு முன் வரலாகாது என்பது நம் பழைய வழக்கம். ஆதலால் கடலில் எடுத்த கரும்பவளம் முதலில் கடைசல் பட்டறைக்குப் போய், சதை சுரண்டப்பட்டு, முள் தேய்க்கப்பட்டு, எண்ணெயில் மெருகேறி, சந்தனம் மணக்கவே சபைக்கு வரும். அந்த மெருகைப் பார்த்தே விடங்கர் காலமெல்லாம் இனம் பிரித்தார். ஒன்றுக்கு இளவரசர் புன்முறுவல் என்றும், இன்னொன்றுக்குத் தேவியின் கடைக்கண் என்றும் பெயரிட்டார். தம் கடைக்கண் ஒரு கறுப்புக் குச்சியாகிப் பட்டுத்துணியில் கிடந்ததைக் கண்டபோது தேவியாருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சுறவி வெட்டிய கிளையும் பட்டறைக்குப் போய்ச் செங்கோலைப் போலவே மின்னியது. குற்றம் உறுதி என்றார் விடங்கர்.

சுறவியோ, தாய்ப்பவளம் தண்ணீருக்குள் சிவந்திருக்கும் என்றுதான் துறையார் எல்லாரும் அறிவார்கள் என்றும், தான் தொட்டது வெள்ளை என்றும் விண்ணப்பித்தாள். பிறகு விடங்கரைப் பார்த்து, “சாமி அதைத் தண்ணிக்குள்ள ஒருநாளும் பாத்ததில்ல. சாமிக்கு அது கடைசல் பட்டறையிலதான் காய்க்குது” என்றாள். சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தேவியார் வழக்கத்தை ஒதுக்கிவைத்து, சுறவி வெட்டிய மரத்திலேயே இன்னொரு கிளையும், சிவந்த மரத்தில் ஒரு கிளையும் கழுவாமல் கொண்டுவரச் சொன்னார். வந்தன. நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம். வழவழவென்று சளி ஒழுகியது. அழுகிய சதை, தொட்டுப் பார்த்த தேவியாரின் நகக்கண்ணில் புகுந்தது. சாமரம் வீசுகிறவள் தூணோரம் ஓடி வாந்தியெடுத்தாள். தேவியாரும் முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டார், ஆனால் கையை எடுக்கவில்லை. சதை முழுதும் கரைந்தபின் படிகக்கல் வழியே பார்த்தால், இரண்டிலும் ஒரே முள்: பூனையின் நாக்கைப் போல நீண்டு வளைந்த முள். கறுப்பு உள்ளே இருக்கும் எலும்பின் நிறம். சிவப்பும் வெள்ளையும் மேலே போர்த்த சதையின் நிறம், அவ்வளவுதான். கணவர் போனபின் வெள்ளை உடுத்தியதால் தேவியார் வேறு பிறவி ஆகிவிட்டாரா?

தேவியார் இதைச் சொல்லக் கேட்டதும் சுறவியின் முகம் செத்துவிட்டது. சிவப்பு தாயென்றால் வெள்ளையும் தாய்தானே.

“அப்ப நான் வெட்டினது தாயைத்தானா, தாயி?” என்றாள்.

விடங்கர் மகிழ்ந்து, திட்டுக்குப் படகு ஆயத்தம் செய்யலாமா என்று பணிவோடு கேட்டார். அந்தப் பணிவு, அழுகிய சதையைவிட அருவருப்பாக இருந்தது தேவியாருக்கு. செங்கோலின் அடிப்பூணைக் கழற்றச் சொன்னார். பொன்னுக்குள் மறைந்த நுனியைக் கடைசல்காரன் தேய்த்திருக்க மாட்டான் என்பது அவர் எண்ணம். தேய்க்கவில்லை. அங்கே இருந்த முள் குட்டையாக, முக்கோணமாக இருந்தது. அது சாட்டைக் கரும்பவளம்; சட்டப்படி அதுதான் தாய். அரண்மனைச் சீப்புக்கும் விசிறிக் காம்புக்கும் கட்டுக்கட்டாக வெட்டி வருவதும், விடங்கர் ஊன்றி நிற்கும் கைத்தடியும் அதே இனம்.

மொட்டைத்திட்டுக்கு முதலில் யாரை அனுப்பலாம் என்று தேவியார் அவரிடம் வினவினார். விடங்கர் கைத்தடியை மெல்லத் தரையில் கிடத்தினார். தேவியார் தம் கூந்தலிலிருந்த சீப்பை எடுத்து அதன் பக்கத்தில் போட்டார்.

ஆகவே நம் ஆணையாவது: சுறவி குற்றமற்றவள். இந்த ஓலையை அவளே கொண்டுவருகிறாள். அவள் காலைக் கழுவி வீட்டுக்குள் அழையுங்கள். இன்றுமுதல் சிவப்போ வெள்ளையோ சாட்டையோ, எந்தக் கரும்பவளமும் வெட்டப்படலாகாது. எந்த உயிரும் திட்டில் இறக்கப்படலாகாது. இனம் அறிய வேண்டுவோர், அலை ஒடித்து ஒதுக்கியதைக் கரையிலேயே, சதையும் முள்ளும் சேரப் பார்த்து அறியக் கடவர். விடங்கர் உங்கள் துறையிலேயே தங்கி அதைச் செய்வார். கேலி செய்யுங்கள், அடிக்காதீர்கள். முதியவர், வேளைக்குச் சோறு போடுங்கள்.

சுறவியின் கையில் பட்டுறைக்குள் இருப்பது செங்கோல். அதை அதன் கூட்டம் நிற்கும் கடலடிப் பாரில் இறக்கிவிடுக.

அரச முத்திரை அந்தச் செங்கோலின் பொற்பூணில் இருந்தது, அது உருக்கப்பட்டாயிற்று. எனவே அரக்கில் பதிந்திருப்பது தேவியாரின் பெருவிரல். எத்தனை முறை கழுவியும் நாற்றம் போகாத விரல் அது. ஐயமுள்ளவர் முகர்ந்து பார்த்துக்கொள்க.