ஒரே மூட்டை விசில்

திரெந்தினோ, இத்தாலி,
அக்டோபர்

அன்பு மகள் மிரெல்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆஸ்திரேலியாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் எலியாவும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்கப் பார்க்கிறோம், நலம் என்றால் அவ்வளவுதான். மேலே முதல் பனி விழுந்துவிட்டது, மலை மேய்ச்சலிலிருந்து பசுக்களை இறக்கியாயிற்று, சோளக்களி கிண்டினால் பாதி மிஞ்சுகிறது. எலியா முதல்முறையாக மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டப்போகிறான், உற்சாகப்படுத்த நம் வீட்டு மாட்டு மணியை அனுப்பு என்று கேட்டிருந்தாய். தம்பியின் அடக்கத்துக்கு நீ வராத கோபத்தில்தான் அப்பா போனுக்கு வருவதில்லையா என்றும் கேட்டிருந்தாய். கோபமில்லை மகளே. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

நம் ஊர்ப் பந்தயத்தின் இரைச்சல் உனக்குத் தெரியும். சங்கிலியைக் கழற்றிவிட்டு மரமறுக்கும் மிஷினை உறுமவிடுவார்கள், மணி, தகரம், விசில், காதே அடைத்துப்போகும். இந்த வருடம் மரக் காண்டிராக்டர் துல்லியோ தன் பெயர் அச்சடித்த ஆரஞ்சு விசில்களைக் கூட்டத்துக்கு இலவசமாக இறைத்தான். ஆபத்தென்றால் ஊதுங்கள் என்று தன் ஆட்களுக்குக் கொடுத்ததும் அதே விசில்தான், ஒரே மூட்டையில் வாங்கியது. அவனிடம் வேலை பார்த்த உன் தம்பி டானிலோ பந்தயத்தன்று லீவு கேட்டிருக்கிறான். "நாளைக்கு லாரி வருதுடா, பந்தயம் அடுத்த வருஷமும் வரும்" என்று துல்லியோ அவனைத் தனியாக மேல்காட்டுக்கு அனுப்பிவிட்டான். தனியாள் மரம் வெட்டக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் துல்லியோவின் செலவில்தான் சாப்பிடுகிறது.

கடைசிச் சைக்கிள்கள் இறங்கும்போது மேலேயிருந்து ஒரு விசில், விட்டு விட்டு, நிற்காமல் கேட்டது. அப்பா சிரித்தார். "எவனோ மேல நின்னு மூச்சு முட்ட ஊதுறான் பாரு ஒர்னெல்லா, நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்கு?" என்று மணியைத் தூக்கி ஆட்டினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. அது கேட்கும்போதெல்லாம் இங்கிருந்து மணியடித்தோம். பிறகு நின்றுவிட்டது. பய அலுத்துட்டான் போல என்றார் அப்பா.

மரம் விழுந்து தம்பி போய்விட்டான் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். மரம் காலில்தான் விழுந்திருந்தது. ரத்தம் வடிந்துதான் போனான். சாயங்காலம் தேடிப்போனவர்கள் தூக்கிவந்தபோதும் விசில் பல்லிடையில் இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, ஆளுக்குப் பாதுகாப்புச் சாமான் கொடுக்கப்பட்டிருந்தது, காண்டிராக்டர் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டுப் போனார். துல்லியோ அடக்கத்துக்குப் பெரிய மலர்வளையம் அனுப்பினான், அதிலும் தன் பெயரை அச்சடித்து. தூக்கி வாய்க்காலில் போட்டேன்.

மணிக்குள் கோணியைத் திணித்து அப்பா கொட்டகையில் வைத்திருக்கிறார். நீ கேட்டதைச் சொன்னேன். "குடுத்துடு. ஆனா அவ தம்பி கூப்பிட்டப்ப நான் மணி ஆட்டுனேன்னு சொல்லிட்டு, அப்புறம் அவகிட்ட என்னத்தப் பேசுறது?" என்றார். மணியை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எலியாவுக்குக் கை தட்டுங்கள், போதும். அங்கே எங்காவது விசில் கேட்டால் யாரென்று போய்ப் பார்.

கடவுள் உங்கள் மூவரையும் முழுசாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய். நான் கோயிலுக்குப் போய்விடுவேன், அப்பா மட்டும் இருப்பார். எடுக்கமாட்டார். நீ வைத்துவிடாதே, அடித்துக்கொண்டே இரு. ஒருத்தர் விடாமல் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

உன் அம்மா,
ஒர்னெல்லா