கொழுந்து பறிச்சா பதினோரு கிலோமீட்டராம்!

என்னங்க,

பசறை ரோட்டுல ஓடிட்டு வரேன். பருப்பு அடுப்புல இருக்கு, ரொட்டிக்கு இன்னும் மாவு பிசையல.

அடுத்த மாசம் பதுளையில ஓட்டப்போட்டி. தூரமும் வேகமும் சரியா காட்டுற ஜிபிஎஸ் வாட்ச்தான் வேணும்னு படத்தையே காட்டினேன். நீங்க கையசைவை எண்ணி தூரம் சொல்ற கைப்பட்டிய வாங்கிட்டு வந்தீங்க. நேத்து மலையில நின்ன எடத்துலயே தேயிலைக் கொழுந்து பறிச்சேன், பதினோரு கிலோமீட்டர்னு காட்டுது. அதைப் பாத்துட்டு, "இவ்வளவு ஓடிட்டியே, இன்னும் எதுக்கு ஓட்டம்?"னு எங்கிட்டயே கேக்குறீங்க!

பட்டி மாவு டப்பா மேல இருக்கு. கையில கட்டிக்கிட்டு பத்து ரொட்டிக்குப் பிசைங்க. நான் வர்றதுக்குள்ள நீங்களும் நாலு கிலோமீட்டர் ஓடியிருப்பீங்க.

கிருஷாந்தி

உப்பு போட மறக்காதீங்க.

அப்புறம், கை வலிக்குதுன்னு சொல்லக் கூடாது. ஓடுனவங்களுக்குக் காலுதான் வலிக்கணும்.