குடிக்காதவர் வீடு

அக்டோபர் 14, செவ்வாய்.

குடியையும் வீட்டில் விழும் அடியையும் பற்றிய ஓர் ஆய்வுக்காகப் பெண்களிடம் கேள்வி கேட்பது என் வேலை. இன்று சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளுக்குப் போனேன். செல்வி என்ற பெண் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உங்க வூட்டுக்காரரு குடிப்பாரா?" என்று கேட்டேன்.

"தொடவே மாட்டாருக்கா."

கணவன் குடிக்காத வீட்டில் அடியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நன்றி சொல்லி எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, அவ்ளோதானா? குடிச்சிட்டு அடிச்சாதான் கேப்பீங்களா?"

அப்போதுதான் அவளுடைய வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தேன். மறுபடி உட்காருவதற்குள் அவள் கணவன் வந்துவிட்டான். நெற்றியில் திருநீறு, தணிந்த குரல்.

"வாங்க மேடம். இந்தக் குடியாலதான் நம்ம ஊரே கெட்டுச்சு. நல்லா எழுதுங்க. செல்வி, மேடத்துக்கு காபி போடு."

ஒரு கையாலேயே காபி கொண்டுவந்தாள். அவன் முகம் கழுவப் பின்பக்கம் போனதும் என் போன் நம்பரை மெதுவாகச் சொன்னேன். எழுதித் தர வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, உதட்டுக்குள்ளேயே சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

"பாவம்தான். ஆனா அவன் குடிக்கிறவன் இல்லியே, நம்ம ஆய்வுல வராது."

"அப்போ நம்ம கேள்விதான் சார் தப்பு."

அவர் அடுத்த படிவத்தை எடுத்துப் புரட்டினார்.

போனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அவள் கூப்பிட வேண்டும் என்றிருக்கிறது. கூப்பிட்டால், அதற்கு முன் அங்கே என்ன நடந்திருக்குமோ என்று நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.