பாலனின் பதினொரு விதிகள்

12 மே 1986, திங்கள்

முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்பினால், கூடத்தின் நடுவில் மருமகன் பாலன் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். முன்னால் பேத்தியின் பிளாஸ்டிக் கற்கள் – சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். வயது முப்பத்து நாலு. சுங்கை வே வட்டாரத்தில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை ஆள்குறைப்பு என்று சொல்லி அனுப்பி இன்றோடு ஏழு வாரம். மகள் குணேஸ்வரி வேலைக்குப் போய்விட்டாள். பேத்தி சந்திரகலா பள்ளிக்கூடத்தில். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு அவளுடைய தகப்பன் விளையாடுகிறான்.

"என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"ஒரு போர்ட் கேம் மாமா. பசங்க தனியா வீடு கட்டுதுங்க இல்ல? அதையே குடும்பமா உக்காந்து விளையாடற மாதிரி."

குடும்பம்! என் கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு வீடு கட்டுகிறானாம்.

13 மே, செவ்வாய்

இன்றும் அதேதான். பழைய நாட்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுகிறான். கோடு நேராக இல்லை.

18 மே, ஞாயிறு

வீட்டில் எல்லோரும் விளையாடினார்கள். நான் பேப்பர் படித்தேன். அட்டையைச் சுற்றி நாற்பது கட்டம், நடுவில் ஒரு மனை. தாயக்கட்டை உருட்டிப் போகவேண்டும்; நிற்கிற கட்டத்துக்குத் தக்கபடி மனையில் கல் வைக்கவேண்டும். எல்லோரும் சேர்ந்து கட்டுவது ஒரே வீடு. ஏழாம் வரிசையின் கடைசிக் கல்லை யார் வைக்கிறாரோ அவர் ஜெயித்தவர்.

பத்து நிமிடத்தில் சண்டை. சிவப்புக் கட்டத்தில் நின்றால் ஒரு கல்லை எடுக்கலாமாம். பேத்தி அடியில் இருந்த கல்லை உருவினாள். சுவர் சரிந்தது. என் மனைவி குணபூசணி, ஐம்பத்தெட்டு வயதுக்காரி, "கள்ள ஆட்டம்!" என்று கத்துகிறாள். பேப்பருக்கு மேலாகப் பார்த்தேன். கேவலம்.

20 மே, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கிடந்தது. 'விளையாட்டு விதிகள்' – மொத்தம் பதினொன்று. முதல் விதி: 'ஒவ்வொருவருக்கும் இருபது கள் தரப்படும்.'

இருபது கள்! சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. காப்பார் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவரின் மகன். கல்லைக் கேட்டால் கள்ளைத்தான் எழுதுவான். இந்தக் குடும்பத்தில்தான் கட்டிக்கொள்வேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். பத்து வருடமாகிறது. அந்தக் காப்பார் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை.

எழுத்துப்பிழையை விட்டாலும், விதிகளா இவை? 'சிவப்புக் கட்டத்தில் நின்றவர் ஒரு கல்லை எடுக்கலாம்.' யாருடைய கல்லை? எந்த வரிசையில்? எடுக்கலாம் என்றால் எடுக்காமலும் விடலாமா? எடுத்த கல் யாருக்கு? முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு விதிப் பரீட்சை வைத்தவன் நான். ஒரு விதியை இரண்டு விதமாகப் படிக்க முடியுமென்றால், தவறான விதத்தில் படிக்க ஒருவன் எங்காவது இருந்தே தீருவான்.

தாளை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். மத்தியானம் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

21 மே, புதன்

கோபப்படுவான் என்று நினைத்தேன். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

"மாமா, இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். எங்க சண்டை வருதுன்னு தெரியுது. ஏன் வருதுன்னு எழுதத் தெரியல."

ரோஷம் என்பது துளியும் கிடையாது.

8 ஜூன், ஞாயிறு

காலையில் அரை மணி நேரம் அவனோடு உட்காருகிறேன். வேறு வேலை இல்லாததால். 'மேலே கல் இல்லாத கல்லை மட்டுமே எடுக்க வேண்டும்' என்று ஆறாம் விதியைத் திருத்தினேன். அவன் உடனே ஆடிப் பார்த்தான். ஒரே விதி, ஒரே வாக்கியம். சுவர் சரியவே இல்லை.

"மாமா, சூப்பர் லா!"

லாவாம். கூட்டாளியிடம் பேசுவது போல எனக்கு லா!

15 ஜூன், ஞாயிறு

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். எல்லோரும் சேர்ந்து ஒரே வீட்டைக் கட்டவேண்டும், ஆனால் கடைசிக் கல் ஒருவருக்குத்தான் – இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது அவனுக்கு? உதவி செய்யாவிட்டால் வீடு எழாது. அதிகம் உதவினால் அடுத்தவன் ஜெயிப்பான். எனக்குத் தோன்றியிருக்காது.

குருட்டுப் பூனையும் சில நேரம் எலியைப் பிடிக்கும்.

5 ஜூலை, சனி

கிள்ளானில் சோலையப்பன் என்று ஒருவர். வாளி, சீப்பு, விளையாட்டுச் சாமான் செய்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலை வைத்திருக்கிறார். யார் மூலமோ கேள்விப்பட்டு, ஆட்டத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். விதிகளை விளக்க நான் வந்தால் நல்லது என்றான் பாலன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவனுடைய பழைய டாட்சன் காரில் போனேன்.

ஆட்டத்தை விளக்கினேன். பத்தொன்பது விதிகளையும் சொன்னேன். அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார். ஒரு ஆட்டம் முடிந்ததும், அட்டையும் கொஞ்சம் கல்லும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரயில்வே ஆபீசர்னா சும்மாவா! என்ன மூளை சார் உங்களுக்கு! எப்படி இதெல்லாம் கண்டுபிடிச்சீங்க?"

பாலன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சோலையப்பன் அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, லோரி வரப்போவுது. சாரோட காரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் அட்டையைப் பார்த்தேன். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

6 ஜூலை, ஞாயிறு

ஒன்றும் நடக்காதது போல இருக்கிறான். அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

கிள்ளானிலிருந்து கடிதம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குணேஸ்வரிதான் பிரித்தாள். நல்ல செய்தி என்று முகம் மலர்ந்து சத்தமாக வாசித்தாள். ஆட்டத்தை இந்த வருடமே வெளியிட விரும்புகிறார்கள். பெட்டியின் மூடியில் ஆட்டத்தை உருவாக்கிய திரு. வீரசிங்கம் அவர்களின் படத்தை – என் பெயர் வந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது. மீதியைக் கண்ணாலேயே வாசித்துவிட்டு மடித்தாள்.

"அப்பா, நீங்கள் அவருக்குச் சொல்லேல்லையோ?"

"அவர் கேட்கவில்லை" என்றேன்.

பாலன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். "வாழ்த்துகள் மாமா" என்றான். தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

23 ஜூலை, புதன்

ஒரு பையோடு காப்பாருக்குப் போய்விட்டான். மின்நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை இருக்கிறதாம். அவனுடைய தகப்பன் வீட்டிலிருந்து போய்வருவானாம். போகட்டும். நாலு மாதமாகத் தேடாத வேலை ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டது!

24 ஜூலை, வியாழன்

பதினொன்றைப் பத்தொன்பது ஆக்கியது யார்? கள்ளைக் கல் ஆக்கியது யார்? நான் தொடாவிட்டால் அந்தத் தாள் குப்பைக்குப் போயிருக்கும். இதைத்தான் பூசணியிடம் சொன்னேன். அவள் கறிக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, ரயில்வே ரூல் புத்தகத்தையும் நீங்கள்தானே திருத்தினனீங்கள். ரயிலையும் நீங்களோ கண்டுபிடிச்சனீங்கள்?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். இப்படி ஒரு வார்த்தை அவள் பேசிக் கேட்டதில்லை.

27 ஜூலை, ஞாயிறு

குணேஸ்வரி என்னோடு பேசுவதில்லை. தேநீரை வைத்துவிட்டுப் போகிறாள். பேத்தியிடம் வா, மீதிக் கற்களில் வீடு கட்டி விளையாடுவோம் என்றேன். நானாக அழைத்தது இதுதான் முதல் தடவை. "அப்பா வந்ததும் விளையாடுறேன் தாத்தா" என்றாள். கற்களை நிறம் நிறமாகப் பிரித்து டின்னில் போட்டு மூடிவிட்டாள்.

28 ஜூலை, திங்கள்

வாயைத் திறந்திருக்கலாம்தானே. 'இது என்ரை மருமகன் செய்தது' – நாலு சொல்லு. நாலே நாலு. லோரி வரமுதல் சொல்லி முடிச்சிருக்கலாம். ஏன் சொல்லேல்லை? அந்த மனுசன் புகழ்ந்தது இனிச்சது. அவ்வளவுதான். வேறை என்ன காரணம் இருக்கு? ஓய்வு பெற்று ஆறு வருசமாய் ஒருத்தரும் என்னைக் கெட்டிக்காரன் எண்டு சொல்லேல்லை.

அதுக்காக? அவனைக் கார் எடுக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன்.

30 ஜூலை, புதன்

கிள்ளானுக்குப் பஸ்ஸில் போனேன். நெரிசல். பாதி வழி நின்றுகொண்டே.

சோலையப்பன் எழுந்து வரவேற்றார். படம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். உட்காராமலே சொன்னேன்: ஆட்டத்தை உருவாக்கியது என் மருமகன் பாலன். நான் வாக்கியங்களை மட்டும் திருத்தினேன்.

"யாரு? அன்னைக்குக் காரை எடுத்தாரே, அந்தத் தம்பியா?"

"அவர்தான்."

"எந்த ஊரு அவங்களுக்கு?"

"காப்பார். தோட்டம்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஐயா, நான் வியாபாரி, வெளிப்படையாப் பேசறேன். உங்க மாதிரிப் படிச்ச மனுசன் படம் இருந்தா அப்பா அம்மா நம்பி வாங்குவாங்க. தோட்டத்துப் பையன் படத்தப் போட்டா கள்ளுக்கடை ஞாபகம்தான் வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று பார்த்தார்.

அது என்னுடைய சிரிப்பு. மே மாதத்தில் இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது இன்னொருவர் வாயில், இன்னொருவர் பல்லில். எவ்வளவு அசிங்கமாக இருந்தது!

"பெட்டியில் பாலன் கன்னையா என்று போடுங்கள். இல்லாவிட்டால் அட்டையையும் கல்லையும் தாருங்கள்" என்றேன்.

"யோசிங்க ஐயா. நல்ல சந்தர்ப்பம்."

"யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

அட்டை பையில் போகவில்லை, இரண்டாக மடித்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியில் கற்கள் கலகலவென்றன. ஒரு மலாய்க்காரப் பெண் 'பேரனுக்கா?' என்று மலாயில் கேட்டாள். 'மருமகனுக்கு' என்றேன். விசித்திரமாகப் பார்த்தாள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பாலன் வந்தான். மகளையும் பேத்தியையும் காப்பாருக்குக் கூட்டிப்போக. தகப்பன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறான். இரண்டு வாரம் முன்பே முடிவாகிவிட்டதாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

மேசையில் அட்டையை வைத்தேன். கிள்ளானில் நடந்ததைச் சொன்னேன். கள்ளுக்கடை என்றதைச் சொல்லவில்லை. ஆட்டம் இனி வெளியாகாது, அது என்னால்தான் என்றும் சொன்னேன்.

மடித்திருந்த அட்டையை விரித்தான். பிறகு, "பஸ்ஸுலயா போனீங்க?" என்றான்.

"ஓம்."

"அட்டையில மடிப்பு விழுந்துருச்சு மாமா."

"தெரியும்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு: "பதினான்காம் விதியில் ஒரு சொல் இன்னும் சரியில்லை."

அவன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு சாமான் ஏற்றப் போனான். குணேஸ்வரி வாசலில் நின்று, "வாறன் அப்பா" என்றாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டில் இரண்டு பேர். சுத்தமாக இருக்கிறது. காலில் குத்தக் கல் இல்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

பூசணி இன்றும் காப்பாருக்குத் தனியாகப் போய்வந்தாள். நாலாவது முறை. எல்லோரும் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சேலை மடிக்கும்போது மட்டும், "சம்மந்தி ஒவ்வொரு முறையும் உங்களைக் கேக்கிறார். காய்ச்சல் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள்.

19 அக்டோபர், ஞாயிறு

காப்பாருக்குப் போனோம். சம்மந்தி கன்னையா மோட்டார் சைக்கிளில் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். என்னை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பூசணிக்காக மறுபடி போனார். பத்து வருடமாக ஏன் வரவில்லை என்று கேட்பார், பதில் வைத்திருந்தேன். கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்று மட்டும் கேட்டார்.

சாப்பிட்டபின் பாய் விரித்து அட்டையை வைத்தார்கள். அட்டை புதிது, கோடுகள் நேராக இருந்தன. கன்னையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் விளையாடுவாங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன் சம்மந்தி. நமக்கு எழுத்து வராது. நீங்க படிச்சுச் சொல்லுங்க, இன்னைக்கு நானும் ஆடறேன்."

தாளை எடுத்தேன். பதினான்காம் விதியில் அந்தச் சொல்லை அவன் மாற்றியிருந்தான். நான் நினைத்திருந்ததைவிட நல்ல சொல். பத்தொன்பதையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"நல்லாப் புரியுதே. நீங்க எழுதினதா?"

பாலன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். குணேஸ்வரியும்தான்.

"உங்கள் மகன் எழுதியது" என்றேன். "நான் பிழை திருத்தினேன்."

கன்னையா தலையை ஆட்டிக்கொண்டு தாயக்கட்டையை உருட்டினார். பாலன் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

அந்த மனிதருக்கு ஆட்டத்தில் திட்டம் என்று ஒன்றுமே கிடையாது. கை போன இடத்தில் கல்லை வைக்கிறார். வாய் ஓயாமல் பேசுகிறார். என் கல்லை எடுக்கும்போது என்னிடமே அனுமதி கேட்கிறார். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தார். நாலாவது ஆட்டத்தில் என் முறை வந்தபோது பேத்தி இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. செம்பனைக் குலை வெட்டிய அவருடைய கையையே நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.